புன்தென், தெய்தென், நித்தென்: ஜப்பானில் அரசாங்கம் ஏன் ஓவியக் கண்காட்சி நடத்தியது?

கடைசிரயில் எழுதியது:

வேலைக்காகத் தோக்கியோ வந்து நாலு வருஷம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அலுவலக நண்பர் ஒருவர், இரண்டு இலவச டிக்கெட் இருக்கிறது வா என்று ரொப்பொங்கியில் இருக்கும் தேசியக் கலை மையத்துக்கு இழுத்துப் போனார். நித்தென் என்று ஒரு கண்காட்சி. ஐந்தாறு அறை இருக்கும், ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு ராமென் சாப்பிடப் போகலாம் என்று நினைத்துப் போனேன். மூன்று மணி நேரம் நடந்தும் முடியவில்லை. ஒரு கூடத்தில் ஆளுயரச் சிலைகள், முக்கால்வாசி நிர்வாணம், நெருக்கி நெருக்கி நிற்கின்றன, இடுக்கில் புகுந்து போவதற்குள் எதன் கையையாவது தட்டிவிடுவோமோ என்று பயமாகிவிட்டது. இன்னொரு தளத்தில் முழுக்க எழுத்துக்கலை. தூரிகை எழுத்துகள் மேல் வரிசை, கீழ் வரிசை என்று சுவர் தெரியாமல் தொங்குகின்றன. கிமோனோ கட்டிய பாட்டிமார் தங்கள் பெயர்ச்சீட்டுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

புரியாத விஷயம் இதுதான். மொத்தம் ஐந்து பிரிவு. அதில் ஜப்பானிய ஓவியம் தனி, மேற்கத்திய ஓவியம் தனி. மேற்கத்திய ஓவியப் பிரிவில் வரைந்திருப்பவர்களும் ஜப்பானியர்கள்தானே? நண்பரிடம் கேட்டால், "முதலிலிருந்தே அப்படித்தான், முன்னே அரசாங்கம் நடத்திய கண்காட்சி இது" என்று முடித்துக்கொண்டார். அரசாங்கத்துக்கு எதற்கு இந்த வேலை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாதிவெயில் எழுதியது:

மூன்று மணி நேரம் நடந்தவருக்கு ராமென் கிடைத்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

மைக்கூடு எழுதியது:

தம்பி, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்தவன் நான், ஜப்பானியக் கலை வரலாறு என் பழைய பைத்தியம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர்கள். ஜப்பானிய ஓவியம் என்பது நிஹோங்கா: கல்லை அரைத்த வண்ணம், விலங்குப் பசை, பட்டு அல்லது காகிதம். மேற்கத்திய ஓவியம் யோகா. யோகா என்றதும் யாரும் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம், 'யோ'வை நீட்டிச் சொல்ல வேண்டும், எண்ணெய் வண்ண ஓவியம் என்று பொருள். மெய்ஜி பேரரசர் காலத்துக்கு (1868-1912) முன்னால் இந்த இரண்டு பெயரும் இந்த அர்த்தத்தில் புழக்கத்தில் இல்லை. 'கலை' என்று நாம் சொல்வதற்கு இன்று அவர்கள் வைத்திருக்கும் பிஜுத்சு என்ற சொல்லே 1873 வியன்னா உலகக் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டிய பொருட்களின் ஜெர்மன் பட்டியலை மொழிபெயர்க்கும்போது உண்டாக்கிய சொல். அதாவது கண்காட்சிக்காகத்தான் சொல்லே பிறந்தது. அப்புறம் அரசாங்கம் அதற்குள் எப்படி வந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? அரசாங்கம் உள்ளேதான் இருந்தது.

1877இல் தோக்கியோவின் உயெனோ பூங்காவில் முதல் தேசியத் தொழில்வளர்ச்சிக் கண்காட்சி நடந்தது. பட்டுநூல், இயந்திரம், விவசாயக் கருவி எல்லாவற்றோடும் நடுவில் ஒரு செங்கல் கட்டடம், அதற்கு 'கலைக்கூடம்' என்று பெயர். முன்னின்று நடத்தியவர் உள்துறை அமைச்சர் ஒகுபோ தொஷிமிச்சி. சரியாக 30 வருஷம் கழித்து, 1907 அக்டோபரில், அதே உயெனோ பூங்காவில் கல்வி அமைச்சகத்தின் கலைக் கண்காட்சி தொடங்கியது. சுருக்கமாக புன்தென், நீங்கள் பார்த்த நித்தெனுக்கு மூதாதை. தொடங்கிய கல்வி அமைச்சர் மகினோ நொபுஅகி. இவர் யார் தெரியுமா? அந்த ஒகுபோவின் மகன், வேறு வீட்டுக்குத் தத்துப் போனதால் குடும்பப் பெயர் வேறு. அப்பா பட்டுநூல் விற்கக் கண்காட்சி வைத்தார், மகன் படத்துக்கென்றே தனியாக வைத்தார்.

மகினோ வியன்னாவில் தூதராக இருந்தவர். ஐரோப்பாவில் பாரிஸ் சலோன் மாதிரி அரசு நிழலில் வருஷாவருஷம் நடக்கும் கண்காட்சிகளைப் பார்த்தவர். ரஷ்யாவோடு போரில் ஜெயித்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது, கப்பல் படை இருக்கிறது, சலோன் இல்லையே என்ற ஏக்கம் மேல்தட்டில் இருந்தது. அதோடு உள்ளூரில் ஓவியர் சங்கங்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டிருந்தன. ஒரே கூரைக்குள் எல்லாரையும் உட்காரவைத்தால் சண்டை அடங்கும் என்று நினைத்தார்கள். அடங்கியதா என்பதை நாளை எழுதுகிறேன், கண் வலிக்கிறது.

குட்டிச்சுவர் எழுதியது:

ஐயா அழகாகத்தான் எழுதுகிறார், ஆனால் இதில் ரசிக்க என்ன இருக்கிறது? அரசாங்கம் நடுவர்களை நியமிக்கும், நடுவர்கள் தங்கள் சீடர்களுக்குப் பரிசு கொடுப்பார்கள், சீடர்கள் பிறகு நடுவராவார்கள். எந்த நாட்டிலும் இதுதான் கதை. ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆஒகி ஷிகெரு. கடலடி அரண்மனைப் புராணக் கதையை அவர் வரைந்த படம் இன்று ஜப்பானின் முக்கியப் பண்பாட்டுச் சொத்து. 1907 தோக்கியோ தொழில் கண்காட்சியில் அதற்கு என்ன கிடைத்தது? மூன்றாம் பரிசு, அதிலும் கடைசி இடம். அதே வருஷம் முதல் புன்தெனுக்கு வேறு படம் அனுப்பினார், திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1911இல் 28 வயதில் காசநோயில் செத்துப்போனார். அரசாங்கக் கண்காட்சியின் கண்பார்வை அவ்வளவுதான்.

மைக்கூடு எழுதியது:

குட்டிச்சுவர், ஆஒகி விஷயத்தில் உங்களோடு வாதாட மாட்டேன், அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் அதே புன்தென் சுவரில் தொங்கிய மற்றப் படங்களையும் பார்க்க வேண்டும் இல்லையா.

முதல் புன்தெனில் மூன்று பிரிவு: நிஹோங்கா, யோகா, சிற்பம். தம்பி கேட்ட 'இரண்டாகப் பிரித்தது யார்' என்பதற்குப் பதில் இதுதான். பிளவு ஏற்கெனவே இருந்தது. 1880களில் அரசு நடத்திய ஓவியப் போட்டிகளில் மேற்கத்திய பாணிக்கு இடமே கொடுக்கவில்லை, 1889இல் திறந்த தோக்கியோ கலைப் பள்ளியில் 1896 வரை எண்ணெய் வண்ண வகுப்பே கிடையாது. புன்தென் செய்தது என்னவென்றால் அந்தப் பிளவை அலமாரியின் அறைகளாக்கிப் பெயர்ச்சீட்டு ஒட்டியது. ஒருவன் வரைந்த படத்தை அனுப்ப வேண்டுமானால் விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று எழுதியாக வேண்டும். அன்று ஒட்டிய சீட்டைத்தான் நீங்கள் ரொப்பொங்கியில் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

சண்டை அடங்கவில்லை, தொடங்குமுன்பே ஆரம்பித்துவிட்டது. நிஹோங்கா நடுவர் பட்டியலில் ஒகாகுரா தென்ஷின், யொகோயாமா தாய்கான் போன்ற புதுமைக்காரர்கள் இருப்பதைப் பார்த்த பழைமைவாதிகள் தனியாகச் சங்கம் வைத்து முதல் கண்காட்சியைப் புறக்கணித்தார்கள்.

யோகா பிரிவில் முதல் பரிசு யாருக்கும் இல்லை. இரண்டாம் பரிசுதான் உச்சம், அது வாதா சான்ஸோவின் 'தெற்குக் காற்று' என்ற படத்துக்குப் போனது. அவருக்கு அப்போது 24 வயது. படகின் மேல்தளத்தில் சில ஆட்கள், நடுவில் ஒருவன் வெயிலுக்குத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, மார்பு தெரிய, இடுப்பில் கைவைத்து நிற்கிறான். பின்னால் பளீரென்ற கடல். போரில் ஜெயித்த நாடு தன்னைப் பார்த்துக்கொள்ள விரும்பிய கண்ணாடி அது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வெயில்தான் பிடிக்கும், படத்தைப் பார்த்தால் கண் கூசும்.

அப்புறம் ஹிஷிதா ஷுன்சோ. இவரும் தாய்கானும் இளமையில் கோடு இல்லாமல் வண்ணத்தை மட்டும் கரைத்துக் கரைத்து வரைந்தபோது 'மங்கல் பாணி' என்று பத்திரிகைகள் கேலி செய்தன, படம் விற்கவில்லை, சாப்பாட்டுக்கே திண்டாட்டம். சிறுநீரக நோய் கண்ணைப் பிடித்தது. பார்வை கொஞ்சம் திரும்பிய இடைவெளியில், வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த யொயொகி காட்டைப் பார்த்து 1909இல் 'உதிர்ந்த இலைகள்' என்ற ஆறு மடிப்புத் திரை ஜோடியை வரைந்து மூன்றாம் புன்தெனுக்கு அனுப்பினார். தரை என்று ஒரு கோடு கிடையாது. மரத்தின் அடிப்பகுதிகள் மட்டும் தெரிகின்றன, இலைகள் விழுந்து கிடக்கும் விதத்தில் இருந்துதான் அங்கே தரை இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. நிஹோங்காவில் அந்த ஆண்டின் உச்சப் பரிசு அதற்குத்தான். மறு வருஷம் 'கறுப்புப் பூனை'. பெரிய படம் ஒன்றை வரைந்துகொண்டிருந்து அது சரியாக வராமல் கைவிட்டு, ஐந்தாறு நாளில் பதிலுக்கு வரைந்து அனுப்பியது என்பார்கள். பூனையின் ஓரத்தில் கோடே இல்லை, மை பட்டில் பரவி அதுவே ரோமமாகிவிடுகிறது. 1911இல் போய்ச் சேர்ந்தார், 36 வயது. கேலி செய்த அதே ஊர் அந்தப் படங்களைப் பார்க்க வரிசையில் நின்றது என்றால் அதற்கு அந்த அரசாங்கச் சுவரும் ஒரு காரணம்.

சிற்பத்தில் ஓகிவாரா மொரியே. பாரிஸில் ரோதானின் சிலையைப் பார்த்துவிட்டு ஓவியத்தை விட்டுச் சிற்பத்துக்கு வந்தவர். 1910 ஏப்ரலில் 30 வயதில் இறந்தார். கடைசியாகச் செய்த 'பெண்' என்ற சிலை அந்த வருஷப் புன்தெனில் அவர் இல்லாமலே நின்றது. முழங்காலிட்டு, கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, எழுந்திருக்க முடியாத உடம்பு, முகம் மட்டும் மேலே. கல்வி அமைச்சகம் அதை வாங்கியது.

வாங்கியது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வருஷாவருஷம் படங்களை விலை கொடுத்து வாங்கிய அரசாங்கம், அவற்றை நிரந்தரமாகத் தொங்கவிட நவீனக் கலைக்கென்று தேசிய அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தது 1952இல்தான். கண்காட்சிக்குக்கூட சொந்தக் கட்டடம் ரொம்ப நாள் இல்லை. கடைசியில் சாத்தோ கெய்தாரோ என்ற கியூஷு நிலக்கரி வியாபாரி பத்து லட்சம் யென் தூக்கிக் கொடுத்த பிறகு 1926இல் உயெனோவில் தோக்கியோ கலைக்கூடம் வந்தது.

பாதிவெயில் எழுதியது:

கல்யாணத்துக்கு நகை வாங்கிவிட்டு வீட்டுக்குக் கதவு வைக்காத கதை.

குட்டிச்சுவர் எழுதியது:

நல்லவர்கள் உள்ளே இருந்தார்கள், சரி, ஒப்புக்கொள்கிறேன். எத்தனை நாள் இருந்தார்கள்? 1912இல் நிஹோங்கா ஆட்களின் சண்டையைச் சமாளிக்க முடியாமல் முதல் பிரிவு பழையவர்களுக்கு, இரண்டாம் பிரிவு புதியவர்களுக்கு என்று அமைச்சகம் ஆளுக்கொரு அறை கொடுத்தது. உடனே யோகாவில் இருந்த இளவட்டங்கள், எங்களுக்கும் அதேபோல் இரண்டாம் பிரிவு வேண்டும், பழைய நடுவர்கள் எங்கள் படத்தைப் பார்க்க வேண்டாம் என்று கேட்டார்கள். கிடைக்கவில்லை. 1914இல் வெளியே போய்த் தாங்களே நடத்தினார்கள். புன்தெனுக்குப் படம் அனுப்புகிறவன் இங்கே வரக்கூடாது என்று விதி வைத்தார்கள். அதே வருஷம் தாய்கானை நடுவர் பட்டியலில் இருந்து தூக்கினார்கள், அவரும் ஷிமொமுரா கன்ஸானும் சேர்ந்து, செத்துப்போன குரு ஒகாகுராவின் நிஹோன் பிஜுத்சுஇன் என்ற கலைச் சங்கத்தைத் திரும்ப எழுப்பிவிட்டார்கள். 1918இல் கியோத்தோ இளைஞர்கள் த்சுசிதா பாகுசென் தலைமையில் போனார்கள். ஆக பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் சாரம் வெளியே, சக்கை உள்ளே.

எழுத்தாளர் நத்சுமே சோசெகி 1912 புன்தெனைப் பார்த்துவிட்டு அசாஹி நாளிதழில் எழுதிய தொடரின் முதல் வரியே, கலை தன்னை வெளிப்படுத்துவதில் தொடங்கி அதிலேயே முடிகிறது என்பதுதான். அதாவது நடுவருக்கும் பரிசுக்கும் அங்கே வேலை இல்லை என்கிறார். நூறு வருஷத்துக்கு முன்பே ஆள் சொல்லிவிட்டார்.

மைக்கூடு எழுதியது:

அந்த 1914 சங்கத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதை விட்டுவிட்டீர்களே! நிகா-காய். 'இரண்டாம் பிரிவுச் சங்கம்' என்று அர்த்தம். அரசாங்கம் கொடுக்காத பிரிவின் எண்ணையே பெயராக வைத்துக்கொண்டு இன்று வரை நடக்கிறது. வெளியே போனவனும் அந்த வீட்டு வாசல் எண்ணைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் போனான். அரசுக் கண்காட்சிக்கு அவர்கள் வழக்கில் கன்தென், அதற்கு வெளியே இருப்பவர்கள் ஸாய்யா, அதாவது 'வயல்வெளியில் இருப்பவர்கள்'. ஊர் என்று ஒன்று இருந்தால்தானே வயல்வெளி?

சோசெகி விஷயத்திலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அவர் திட்டினார், ஆனால் அறை அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு, ஒரே தலைப்பில் தாய்கானும் தெராஸாகி கோக்யோவும் வரைந்த சீனத்து 'எட்டுக் காட்சிகளை' ஒப்பிட்டு நாள்கணக்கில் எழுதினார். பத்திரிகையில் ஒரு நாவலாசிரியன் படத்தைப் பற்றி எழுதுவதும், அதைப் படித்துவிட்டு ஒரு குமாஸ்தா ஞாயிற்றுக்கிழமை உயெனோ போவதும், வாசலில் அந்தப் படங்களின் தபால் அட்டை வாங்குவதும் புன்தெனோடு பரவிய பழக்கங்கள். அதற்கு முன்னால் படம் பார்க்க வேண்டுமானால் படம் வைத்திருப்பவனைத் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் படமே மாறிப்போனதை யாரும் சொல்லவில்லை. பழைய வீட்டில் ஒரு மாடம் இருக்கும், தொகோனோமா. அதில் பருவத்துக்கு ஒரு சுருள் ஓவியம் தொங்கும், விருந்தாளி பாயில் உட்கார்ந்து, தேநீர் குடித்துக்கொண்டு, ஒரு கை தூரத்தில் பார்ப்பான். புன்தென் கூடத்தில் ஆயிரம் பேர் நின்றபடி, நடந்தபடி பார்க்கிறார்கள். பக்கத்தில் இன்னொருவன் படம். மெல்லிய மையில் நாலு மூங்கில் இலை வரைந்தவன் அங்கே காணாமல் போவான். அதனால் படம் பெரிதானது, வண்ணம் தடித்தது, சுருள் போய்த் திரை வந்தது, பிறகு திரையும் போய்ச் சட்டம் வந்தது. இப்போது நித்தெனில் நிஹோங்கா பிரிவையும் யோகா பிரிவையும் பத்தடி தூரத்தில் இருந்து பார்த்தால் எது எது என்று சட்டெனச் சொல்ல முடியாது, தம்பியே சாட்சி. கவாபாத்தா ரியூஷி என்பவர் இதைக் குறையாக நினைக்காமல் கொள்கையாகவே எடுத்துக்கொண்டு, 'கூடத்துக்கான கலை' என்று 1929இல் தனிக் குழு தொடங்கினார்.

கடைசிரயில் எழுதியது:

உண்மை ஐயா. நான் இரண்டு கூடமும் ஒரே பிரிவு என்று நினைத்துத்தான் பாதி தூரம் நடந்தேன். கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் ஒன்றில் வண்ணம் மணல்மாதிரி மினுங்கியது.

நெல்லிமரம் எழுதியது:

இழை இரண்டு நாளாக ஆண்கள் சண்டையாகவே போகிறது, அதனால் நான் நுழைகிறேன். தாய்பேயில் கலை வரலாறு படித்தவள் நான், அந்தப் பக்கத்துக் கதையும் இருக்கிறது.

முதலில் பெண்கள். தோக்கியோ கலைப் பள்ளியில் 1946 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. ஆனால் புன்தெனுக்கு யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம். கியோத்தோவின் உயெமுரா ஷோயென் 1907 முதல் புன்தெனிலேயே மூன்றாம் பரிசு வாங்கினார். அதற்கு மூன்று வருஷம் முன்பு கியோத்தோவில் வேறொரு கண்காட்சியில் யாரோ அவர் வரைந்த பெண்ணின் முகத்தில் பென்சிலால் கிறுக்கிவிட்டுப் போனார்கள், சத்தமில்லாமல் திருத்தித் தரும்படி நடத்தியவர்கள் கேட்டபோது, அப்படியே இருக்கட்டும், எல்லாரும் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்று, அம்மாவின் துணையோடு வளர்த்தவர், ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டாம். 1918இல், புன்தென் என்ற பெயரில் நடந்த பன்னிரண்டாவதும் கடைசியுமான கண்காட்சியில் 'தழல்' என்ற படம் வைத்தார். 'கெஞ்சி கதை' என்ற பழைய ஜப்பானிய நாவலில் வரும் ரொகுஜோ சீமாட்டி, பொறாமையில் ஆவியாகப் போகிறவள், கூந்தல் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறாள். கிமோனோவில் விஸ்டீரியா பூங்கொத்தும் அதன் மேல் சிலந்தி வலையும். 'அழகிகள் ஓவியம்' என்று அதே புன்தென் 1915இல் ஒரு அறை முழுக்க நிரப்பி வைத்து, பத்திரிகைகள் கிண்டலடித்த வகைக்குள் இருந்துகொண்டே அவர் இதைச் செய்தார். 1948இல் பண்பாட்டு விருது பெற்ற முதல் பெண். குட்டிச்சுவர் அண்ணா, சக்கை என்று சொன்னீர்களே, இவரையும் சேர்த்தா?

இனி குட்டிச்சுவர் பக்கத்துக்குச் சாதகமாக ஒன்று. இந்தக் கண்காட்சி ஜப்பானோடு நிற்கவில்லை, அப்போது அதன் காலனிகளாக இருந்த கொரியாவுக்கும் தைவானுக்கும் போனது. கொரியாவில் 1922 முதல் 1944 வரை தலைமை ஆளுநரகம் நடத்தியது. தைவானில் 1927இல் ஆரம்பம், முதலில் கல்விச் சங்கத்தின் பெயரில், 1938 முதல் நேரடியாக ஆளுநரகம். முதல் தைவான் கண்காட்சியில் ஊர் மதித்த மூத்த மை ஓவியர்கள் எல்லாரும் கழித்துக்கட்டப்பட்டார்கள். கிழக்கத்திய ஓவியப் பிரிவில் தேறிய தைவான்காரர்கள் மூன்று பேர்தான், சென் சின், லின் யூஷான், குவோ ஷுவேஹு, மூவரும் இருபது வயதை ஒட்டியவர்கள். 'மூன்று இளைஞர்கள்' என்று இன்றும் பாடத்தில் வரும். பழைய பிரதியைப் பார்த்து வரையாதே, உன் ஊரைப் பார்த்து வரை என்று தோக்கியோ நடுவர்கள் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எது 'உன் ஊர்' என்பதையும் அவர்களே சொன்னார்கள்: வாழைமரம், எருமை, கோயில் முற்றம், வெயில். அதைத்தான் அப்போது 'உள்ளூர் நிறம்' என்றார்கள்.

சென் செங்போவின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. ஜியாயி ஊர்க்காரர், பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டுக் கிட்டத்தட்ட முப்பது வயதில் தோக்கியோ கலைப் பள்ளிக்குப் போனவர். 1926இல் 'ஜியாயி தெருவுக்கு வெளியே' என்ற எண்ணெய் ஓவியம் தெய்தெனில் தேர்வானது, எண்ணெய் வண்ணத்தில் அங்கே தேர்வான முதல் தைவான்காரர் அவர்தான். (புன்தென் 1919இல் ஏகாதிபத்தியக் கலைக்கழகத்தின் கைக்குப் போனபோது வந்த பெயர் தெய்தென், கழகத்தின் முதல் தலைவர் எழுத்தாளர் மோரி ஓகாய்.) சொந்த ஊர் ஓடையும் மின்கம்பமும் தலைநகரின் சுவரில் தொங்கியது ஊரில் பெரிய செய்தி. இருபது வருஷம் கழித்து, ஜப்பான் போய் சீனக் குடியரசு ஆட்சி வந்த பின்பு, அந்த ஆட்சிக்கு எதிராக மக்கள் கிளம்பிய பிப்ரவரி 28 கலவரத்தின்போது ஊரின் சார்பாகச் சமாதானம் பேசப் போனவரை 1947 மார்ச் 25 அன்று ஜியாயி ரயில் நிலையத்துக்கு முன்னால் சுட்டுக் கொன்றார்கள். அவர் மனைவி அந்தப் படங்களை வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்.

கொரியாவில் கிம் க்வான்ஹோ. 1916இல் புன்தெனில் சிறப்புத் தேர்வு. இரண்டு பெண்கள் மாலை வெளிச்சத்தில் ஆற்றில் குளிக்கிறார்கள், முதுகுதான் தெரிகிறது. சியோலில் வந்த நாளிதழ் பெருமையோடு செய்தி போட்டது, ஆனால் பெண்கள் உடையில்லாமல் இருப்பதால் படத்தின் போட்டோவை அச்சிட முடியவில்லை என்றும் போட்டது.

பாதிவெயில் எழுதியது:

பாராட்டும் வேண்டும், பார்க்கவும் கூடாது.

மைக்கூடு எழுதியது:

நெல்லிமரம் அம்மா, அருமை. அந்த நிர்வாணச் சங்கடம் ஜப்பானிலும் அப்படித்தான் இருந்தது. யோகாவின் தலைவர் குரோதா செய்கி 1901இல் தன் சங்கக் கண்காட்சியில் வைத்த நிர்வாணப் படத்தின் கீழ்ப்பாதியைப் போலீஸ்காரர்கள் துணியால் மூடவைத்தார்கள். 'பாவாடை விவகாரம்' என்றே பெயர். அதே குரோதாதான் ஆறு வருஷத்தில் புன்தென் நடுவர், பின்பு கலைக்கழகத் தலைவர். தம்பி பார்த்த நிர்வாணச் சிலைக் காட்டுக்கு வேர் அங்கே இருக்கிறது.

குட்டிச்சுவர் எழுதியது:

ஷோயென் விஷயத்தில் வாபஸ். சக்கை என்ற சொல்லையும் வாபஸ் வாங்குகிறேன், அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 1935ஐ யாரும் தொடவில்லையே. கல்வி அமைச்சர் மத்சுதா கென்ஜி ஒரு நாள் திடீரென்று கலைக்கழகத்தைக் கலைத்துப் பிசைந்தார். வெளியே இருந்த தாய்கான், நிகா ஆட்களையெல்லாம் உள்ளே அழைத்தார், தெய்தெனில் தேர்வில்லாமல் படம் வைக்கும் உரிமை வைத்திருந்தவர்களின் உரிமையைப் பறித்தார். கேட்கவா வேண்டும்? உரிமை போனவர்கள் தனிக் கண்காட்சி நடத்தினார்கள். அந்த இலையுதிர்காலத்தில் தெய்தெனே நடக்கவில்லை. சீர்திருத்திய கண்காட்சி 1936 பிப்ரவரி கடைசியில் திறந்தபோது மத்சுதா உயிரோடு இல்லை, அதே நாட்களில் இளம் ராணுவ அதிகாரிகள் பனியில் தலைநகரைப் பிடித்து அமைச்சர்களைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த அமைச்சர் வந்து திரும்பவும் மாற்ற, தாய்கான் கூட்டம் மொத்தமாக ராஜினாமா. 1937இல் மறுபடி கல்வி அமைச்சகமே எடுத்துக்கொண்டு புதிய புன்தென். எதற்காக இந்தப் பிசையல்? 'ஒன்றுபட்ட' கலை உலகம் வேண்டும் என்பதற்காக. போர் வந்ததும் அது எதற்கு உதவியது என்று தெரிந்தது. வண்ணமும் துணியும் பங்கீட்டில்தான், கட்டுப்பாட்டுச் சங்கத்தின் வழியாகத்தான். 1944இல் பொதுவில் படம் வரவழைக்கும் மற்ற எல்லாக் கண்காட்சிகளையும் நிறுத்தச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் 'போர்க்காலச் சிறப்புப் புன்தென்' நடத்தியது அரசு. இதற்கு ஐயா என்ன சொல்கிறார்?

மைக்கூடு எழுதியது:

ஒன்றும் சொல்வதற்கில்லை. அது நடந்தது. வரிசையில் நிற்கப் பழக்கிவிட்டால், வரிசை எங்கே போகிறது என்று கேட்கிறவன் குறைந்துவிடுகிறான். இந்த இடத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி.

கடைசிரயில் எழுதியது:

எழுத்துக்கலைப் பிரிவு பற்றி யாரும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் மனதில் நிற்கிறது, அவ்வளவு பெரிய கூட்டம் அங்கேதான். நண்பரிடம் கேட்டபோது 2013 என்று ஏதோ ஆரம்பித்துப் பேச்சை மாற்றிவிட்டார்.

நெல்லிமரம் எழுதியது:

1882இல் கொயாமா ஷோதாரோ என்ற எண்ணெய் வண்ண ஓவியர் 'எழுத்து கலையாகாது' என்று எழுதினார், ஒகாகுரா மறுத்து எழுதினார், ஆனால் அமைப்பில் ஜெயித்தது கொயாமாதான். புன்தெனில் எழுத்துக்கு இடமில்லை. கைவினைக்கே 1927இல்தான் கதவு திறந்தது. (வேடிக்கை, கொரியக் காலனிக் கண்காட்சியில் எழுத்துக்குத் தனிப் பிரிவு இருந்தது, 1932இல் எடுத்துவிட்டார்கள்.) போர் முடிந்து ஏழே மாதத்தில், 1946 மார்ச்சில், நித்தென் என்ற புதுப் பெயரில் உயெனோவில் திரும்பக் கண்காட்சி. 1948இல் எழுத்துக்கலை ஐந்தாம் பிரிவாக நுழைந்தது. 1958இல் நித்தென் அரசை விட்டுத் தனி அமைப்பானது. அதனால் அண்ணா, நீங்கள் பார்த்தது இப்போது அரசுக் கண்காட்சி இல்லை.

2013 அக்டோபரில் அசாஹி நாளிதழ் வெளியிட்டது: 2009இல் எழுத்துக்கலைப் பிரிவின் முத்திரை செதுக்கும் பகுதியில், எந்தச் சங்கத்துக்கு எத்தனை இடம் என்று தேர்வுக்கு முன்பே பங்கு பிரித்திருக்கிறார்கள். பெரிய புயல். விசாரணை, அரசு விருதுகள் நிறுத்தம், வெளியாட்களை நடுவராகச் சேர்த்தல், 2014இல் கண்காட்சியின் வரிசை எண்ணைத் திரும்ப ஒன்றில் இருந்து ஆரம்பித்தார்கள்.

குட்டிச்சுவர் எழுதியது:

நான் முதல் பதிவில் என்ன சொன்னேன் என்று யாராவது மேலே போய்ப் பாருங்கள். நன்றி.

மைக்கூடு எழுதியது:

பார்த்தோம் பார்த்தோம். தம்பி, உங்களுக்கு ஒரு வேலை. தாகெபாஷியில் இருக்கிறது நவீனக் கலைக்கான தேசிய அருங்காட்சியகம். வாதாவின் 'தெற்குக் காற்று' அவர்களுடையது. எப்போதும் தொங்காது, மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள், போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஓகிவாராவின் 'பெண்' வெண்கல வார்ப்பும் அங்கே உண்டு. 1970இல் அமெரிக்கா காலவரையறை இல்லாத இரவலாகத் திருப்பிக் கொடுத்த 153 போர் ஓவியங்களும் அங்கேதான், ஒரு நேரத்தில் சிலவற்றைத்தான் வைப்பார்கள்.

கடைசிரயில் எழுதியது:

சனிக்கிழமை தாகெபாஷி போனேன். 'தெற்குக் காற்று' இந்த முறை இல்லை. 'பெண்' இருந்தது. படத்தில் பார்த்ததைவிடச் சின்னது, ஆளில்லாத நேரம் பார்த்து நானும் பக்கத்தில் குனிந்து அந்த மாதிரிக் கையைப் பின்னால் கட்டிப் பார்த்தேன், இரண்டு நிமிஷத்தில் தோள் வலிக்கிறது. காவலர் அம்மா சிரித்துவிட்டார்.

இன்னொன்று. திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டில் நண்பரிடம் இந்த இழையைப் பற்றிச் சொன்னேன், எழுத்துக்கலை, 1882, 2013 எல்லாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த இலவச டிக்கெட் எப்படிக் கிடைத்தது என்று சொன்னார். அவருடைய அம்மா எழுத்து எழுதுகிறவர். பதினொரு வருஷமாக அனுப்பிக்கொண்டிருந்தார், இந்த வருஷம்தான் தேர்வாகியிருக்கிறது. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீதான் ராமென் ராமென் என்று அவசரப்பட்டாயே என்றார். மேல் வரிசையாம், அண்ணாந்து பார்க்க வேண்டுமாம், மூன்றாவது அறையில் இடது பக்கச் சுவர். அதைத் தாண்டித்தான் நான் நடந்திருக்கிறேன். கண்காட்சி இந்த வாரக் கடைசி வரை இருக்கிறது, வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டிருக்கிறேன். பாதிவெயிலுக்கு: அன்றைக்கு ராமென் கடை மூடிவிட்டார்கள்.